அக்கா எழுதிய பதினொரு வரிகள்

1. அக்காவுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னார்.
2. தொண்டையில் குழாய் இருந்ததால் அக்காவால் பேச முடியவில்லை. கையை அசைத்துப் பேனா கேட்டார். நீளமாக எழுதத் தெம்பில்லாததால் சுருக்கெழுத்தில் பதினொரு வரிகள் எழுதினார்.
3. எழுதி முடித்ததும் ஊசி மருந்தில் உறங்கிவிட்டார்.
4. “என்ன கண்ணு எழுதியிருக்கறா?” என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், என்னிடம் கேட்டார்.
5. “சரின்னு எழுதியிருக்குதுங்க மாமா” என்றேன்.
6. மாமா சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.
7. சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் அக்கா எங்களை விட்டுப் போனார்.
8. அந்தப் பதினொரு வரிகளில் ஒன்றைக்கூட அன்று எனக்குப் படிக்கத் தெரியாது.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் பலருக்கு முதல் ஏழும் தெரியும். எட்டாவதை மறைத்துவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அக்கா மலைமேல் வளப்பூர் நாட்டில், எங்கள் வீட்டின் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். மிளகும் மரவள்ளியும் வைத்து அம்மா எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அக்கா பட்டம் வாங்கி இரண்டு ஆண்டுகள் வேலையில்லாமல் இருந்தார். சுருக்கெழுத்து தெரிந்தால் அலுவலக வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மலையடிவாரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார். நான் அப்போது மின்னணுவியலில் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் மாதம் முழுக்க நோட்டில் கோடும் வளைவும்தான். அம்மா அதைப் புரட்டிப் பார்த்தார்.

“இதென்ன கண்ணு, கோழி கிண்டி உட்டாப்புல இருக்குது? இதுக்கா தெனமும் பஸ் ஏறிப் போறே?”

“ஆபீசரு பேசப் பேச எழுதோணுமுங்கம்மா.”

“அவரக் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்றது!”

பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மலைப்பாதையின் ஒரு வளைவுக்கு ஒரு சொல் என்று கணக்கு வைத்து, விரலால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டே இறங்குவார். எழுபது வளைவுக்கு எழுபது சொல். ஏறும்போது அதே எழுபதும் தலைகீழ் வரிசையில்.

ஆனால் யாராவது வேகமாக வாசித்தால் அவர் பதறிவிடுவார். முதல் தேர்வில் மூன்றாவது வாக்கியத்திலேயே பென்சில் நின்றுவிட்டது. மீதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தார். அதன் பிறகு நான் போனில் நேரம் வைத்துச் செய்தித்தாளை வாசிக்க, அவர் எழுதிப் பழகினார். “நா அழுதாலும் நிறுத்தாத” என்பார். ஒருநாள் அழுதார். நான் நிறுத்தவில்லை. இரண்டாவது முறை தேறினார், வேலைக்குப் போனார், மாமாவைத் திருமணம் செய்துகொண்டார். மேலதிகாரிகள் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் அக்காவிடமிருந்து ஒரு சொல் தப்பாது என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அப்படி வாசித்ததில் எனக்கு ஒட்டியது நாலைந்து கோடுகள் மட்டுமே. வீட்டிலோ, “இவளுக்கும் அது தெரியும்” என்று பேராகிவிட்டது. நானும் மறுத்ததில்லை. மருத்துவமனையில் மாமா கேட்டபோது மருத்துவர் காத்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

காரியம் முடிந்த மறுவாரமே அதே பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். முதல் பாடத்திலேயே என் தவறு பிடிபட்டது. சுருக்கெழுத்தில் கோடு மெல்லியதா அழுத்தமானதா என்பதும், வரிக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பதும் முக்கியம். அதனால்தான் அக்கா பென்சிலையும் கோடு போட்ட நோட்டையும் விட்டு வேறெதையும் தொட மாட்டார். நான் அவர் கையில் கொடுத்தது பால்பாயின்ட் பேனா. எழுதக் கொடுத்தது ஸ்கேன் படம் வந்த உறையின் பின்புறம். அழுத்தமும் இல்லை, வரியும் இல்லை.

ஆசிரியை உறையை வெகுநேரம் பார்த்தார். “இது உங்கக்கா தானா உண்டாக்கிக்கிட்ட சுருக்கமுங்க. அவங்க பழைய நோட்டை வச்சுப் பழகினாத்தான் புடிபடும்” என்றார். அலுவலகத் தோழிகள் அக்காவின் பயிற்சி நோட்டுகளைத் தேடிக் கொடுத்தார்கள். அவற்றிலிருந்து நான் முதலில் கற்றுக்கொண்ட சொல், “வேண்டாம்”. அந்த வடிவத்தைத் தனித்தாளில் வரைந்து வைத்துக்கொண்டேன். அது உறையில் இருக்கிறதா என்று பார்க்கப் பல நாள் துணிவு வரவில்லை. உறையை எடுப்பேன். திரும்ப வைத்துவிடுவேன்.

படிக்கத் தொடங்கியபின், வரிக்கு ஒரு மாதம்போல ஆனது. அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். மாடியில் மிளகு காய்கிறது, மழைக்கு முன் அள்ள வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆஸ்பத்திரித் தரையில் படுக்க விடாதே. இப்படியே ஏழு வரிகள். எட்டாவதும் ஒன்பதாவதும்: “பயமாக இருக்கிறது. கதவு வரை நீ கூட வா.”

அக்காவை அறுவை அரங்குக்குள் கொண்டுபோனபோது நான் கீழ்த்தளத்தில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“வேண்டாம்னு எழுதலையே கண்ணு?”

“படிச்ச வரைக்கும் இல்லீங்க மாமா.”

“மீதி?”

“தெரியலீங்க.”

“அன்னைக்கே இப்படித் தெரியலைன்னு சொல்லியிருந்தா நா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் சாமி.” உறையைத் திருப்பிக் கொடுத்து, “போடாம உட்டிருந்தாலும் என்ன ஆயிருக்குமோ. மலர்ல எழுதிரு. ஏன் போட்டேன்னு எல்லாரும் என்னையத்தான் கேக்கறாங்க” என்றார்.

எழுதிவிட்டேன். அம்மா மட்டும், “மிச்சத்தப் படிக்காமயே உட்டுரு கண்ணு” என்கிறார்.

ரத்தம் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்த ஐவருக்கும், அக்காவை அத்தனை வளைவுகளிலும் குலுங்காமல் கொண்டுபோன ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், குழாய் வழியாகப் பால் கொடுத்து முகம் துடைத்துவிட்ட செவிலியர்களுக்கும், நோட்டுகள் தந்த தோழிகளுக்கும், சொல்லாமலே வந்து மாடியிலிருந்த மிளகை அள்ளி வைத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலர் அச்சுக்குப் போகும் நாளில் ஒன்பது வரிகள் படித்தாயிற்று. கடைசி இரண்டு வரிகளும் கை சரிந்ததில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன; அவற்றைப் படிக்கவில்லை. “வேண்டாம்” என்ற சொல் இதுவரை வரவில்லை. “சரி” என்ற சொல்லும் வரவில்லை.