நான் அடித்த கேள்வி

பாளையங்கோட்டைக் கல்லூரிப் பையன்களிடம் குடிப்பழக்கம் பற்றி விசாரிக்கும் பத்துக் கேள்விப் படிவத்தை நான்கு கேள்வியாகச் சுருக்கும் வேலை எனக்கு வந்தது. பையன்கள் ஏற்கெனவே நிரப்பித் தந்த படிவங்களைப் புரட்டினேன். "வீட்டில் யாராவது குடியை நிறுத்தச் சொன்னார்களா?" என்ற கேள்விக்கு எல்லோரும் 'ஆமாம்' என்றே எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு பீர் குடித்தவனைக்கூட எந்த அம்மா திட்டாமல் விடுவாள்? ஆளுக்கு ஆள் மாறாத பதிலை வைத்து, குடியில் சிக்கியவனை எப்படிக் கண்டுபிடிக்க? எரிச்சலில் அதை அடித்துவிட்டேன்.

பிறகுதான் ஒருவன் மட்டும் 'இல்லை' என்று எழுதியிருந்ததைக் கவனித்தேன். படிவத்தின் கணக்கில் அது நல்ல பதில். தவறிப்போய் எழுதினானோ என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

"ரூம்ல தனியாத்தான் கெடக்கேன். நிறுத்துன்னு சொல்லுததுக்கு எனக்கு யாரு சார் இருக்கா?" என்றான்.

அந்த 'இல்லை'யை எதில் சேர்ப்பதென்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவனிடம் நிறுத்துவதைப் பற்றிக் கேட்க அந்தப் படிவம் ஒன்றுதான் இருந்தது. அதிலிருந்தும் அந்தக் கேள்வியை நான் எடுத்துவிட்டேன்.