பட்டு வேட்டியும் பேட்டரி இல்லாத கடிகாரமும்

போன வருஷம் சித்திரை வெயிலில், வேலூர்ப் பக்கம் என் மகள் படித்த பொறியியல் கல்லூரியில் நடந்தது இது. நான் ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரி. பட்டைத் தவிர வேறெதுவும் உருப்படியாகத் தெரியாது. மற்ற விஷயங்களில் புத்தகம் படித்துவிட்டுக் கருத்துச் சொல்வதோடு சரி.

மகளின் கடைசி வருட புராஜெக்ட், இடுப்பில் கட்டும் ஒரு துணிப்பட்டை. நம் கடைப் பட்டுத் துண்டையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுச் சேர்த்துத் தைத்திருந்தாள். நடந்தால், ஏன், மூச்சு விட்டாலே போதும், இரண்டும் ஒட்டி ஒட்டிப் பிரியும்; துளித்துளியாக மின்சாரம் பிறக்கும். அது சேர்ந்ததும் கையில் கட்டிய குட்டிக் கடிகாரம் விழித்துக்கொண்டு நாடித்துடிப்பைக் காட்டும். பேட்டரி கிடையாது.

வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன் அது ஓடிக் காட்ட வேண்டும். ஓடினால்தான் பாஸ், பாஸானால்தான் பெங்களூரில் கிடைத்திருந்த வேலை. புராஜெக்டோடு சம்பந்தமில்லாத ஒருவர்தான் கட்டிக்கொள்ள வேண்டுமாம்.

“நீ கட்டிக்கோப்பா. சும்மா குந்திகினு மூச்சு விட்டாலே உன் வயிறு ஊருக்கே கரண்ட் குடுக்கும்” என்றாள். என் தொப்பைக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். கட்டும் விதத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, முன்னாடியே கல்லூரிக்குப் போய்விட்டாள்.

மகளின் கல்லூரிக்கு ஆரணிப் பட்டு வியாபாரி பேண்ட்டிலா போவது? புதுப் பட்டு வேட்டியை எடுத்தேன்.

“ஏங்க, பட்டு வழுக்குங்க. அங்க போயி அவுந்துகினா பேஜாராப் பூடும்” என்றாள் மனைவி.

அதற்கும் வழி வைத்திருந்தேன். வேட்டி, அதன் மேல் மகளின் பட்டை, இரண்டும் நழுவாதபடி எல்லாவற்றுக்கும் மேல் நாலு விரல் அகலத் தோல் பெல்ட். இழுத்து இறுக்கி, சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தேர்வாளர் என் வயதுப் பெண்மணி. வகுப்புப் பையன்கள் உட்கார்ந்திருக்க, மகள் அழகாக விளக்கினாள். நடந்தேன். கடிகாரம் தூங்கியது. இன்னொரு சுற்று நடந்தேன். அசையவில்லை. ஒயர்களைத் தடவிப் பார்த்த மகளின் முகம் வெளுத்துவிட்டது.

தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “சார், மூச்சு விட்டுகினுதானே இருக்கீங்க?”

மகள் பட்டையைச் சரிபார்க்க என் வயிற்றில் கை வைத்தாள். “என்னாப்பா இது, கல்லாட்டம் இருக்குது?”

“பெல்ட்டும்மா. பட்டு வேட்டி பாரு, வழுக்குதேன்னு…”

“ஐயோ அப்பா! அது மேலயேவா கட்டுவ? இப்படி அமுக்கினா ரெண்டும் எப்படிப் பிரியும்? ஜல்தி அவுத்துடு!”

பெல்ட்டைக் கழற்றினேன். கழற்றிய மறுகணமே மனைவி சொன்னது பலிக்க ஆரம்பித்தது. இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, சாக்குப் பந்தயத்தில் ஓடுகிறவனைப் போல வகுப்பைச் சுற்றி வந்தேன். முதலில் சிரித்தவர் தேர்வாளர்தான். பிறகு பையன்கள். கடைசியில் எனக்கே தாங்கவில்லை. நான் சிரித்தால் என் வயிறு தனியாக ஒரு சிரிப்புச் சிரிக்கும். அது குலுங்கக் குலுங்க, கடிகாரம் கண் திறந்தது. நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டி நின்றது.

தேர்வாளர் எட்டிப் பார்த்தார். “உன் மெஷின் நல்லாத்தாம்மா கீது. உங்கப்பாதான் உன்னவிட பயந்துகினு இருக்காரு.”

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தில் கிடந்த கல்லூரி அடையாள அட்டையின் நாடாவைக் கழற்றி என் வேட்டியைச் சுற்றித் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டாள். இடுப்பில் அவள் போட்டோ ஆட ஆட, கண்ணமங்கலம் வழியாக ஆரணி வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் கேட்டவருக்கெல்லாம் “என் பொண்ணு” என்றேன்.

இப்போது அவள் பெங்களூரில் இருக்கிறாள். தினமும் காலையில் பெல்ட் மாட்டும்போது ஒரு துளை தளர்த்தியே போடுகிறேன். என் மானத்துக்காக நான் இழுத்துக் கட்டியதில் அன்று மூச்சு முட்டியது அவளுக்குத்தான்.