முதல் வாய் சோறு

என் கணவருக்கு முதலில் வந்தது காதில் சத்தம். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி (ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி) வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அதை நோய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கம்ப்ரசர் பக்கத்தில் பத்து வருஷம் நின்றவருக்குக் காது இரையாமல் என்ன செய்யும்? "ரிக் காதுங்க, எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்றார்கள். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி சொட்டு மருந்து விட்டேன், பஞ்சு வைத்தேன், காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு அலைந்தேன். பதினான்கு மாதம் இப்படியே போயிற்று.

அதற்குள் அவர் வேலையை விட்டிருந்தார். குளிக்கச் சொன்னால் சண்டை. ஆளில்லாத வாசலைப் பார்த்துப் பதில் சொன்னார். பிறகு சந்தேகம் என்மேல் திரும்பியது. நான் சோற்றில் எதையோ கலக்கிறேன் என்றார். என் கையால் போட்ட தயிர்ச்சோறு என்றால் இரண்டு வாய் கூடவே உண்கிற மனிதர், கடையில் பன் வாங்கி, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தின்றார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

கடைசியில் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா என்னை விட்டுவிட்டு அவரிடம் கேட்டார்.

"காதுல கேக்கறது வெறும் இரைச்சலா, பேச்சா?"

"பேச்சுதானுங்க. மூணு பேரு. இவ என்னயக் கொல்லப் போறான்னு சொல்றாங்க."

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"ஆரும் கேக்கலீங்க."

எனக்குத் தலை நிமிரவில்லை.

மனச்சிதைவு (இல்லாத குரல்கள் கேட்பதும், ஆதாரமில்லாத சந்தேகம் அசைக்க முடியாத நம்பிக்கையாகிவிடுவதுமான மூளை சார்ந்த நோய்) என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். "சாப்பிட மறுத்தா கூட்டிட்டு வாங்க, ஊசி இருக்கு. சோத்துல மட்டும் மறைச்சுக் குடுத்துராதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

என் கணவர் மாத்திரையை மறுத்தார். ஐந்து நாள் கெஞ்சினேன். அவருடைய அக்கா வந்து பார்த்துவிட்டு, "தயிர்ச்சோத்துல பொடிச்சுப் போட்டுரு சாமி. அவனுக்கென்ன தெரியப் போவுது" என்றார். அக்கா பரிமாறினால் மட்டும் அவர் உண்டார். அக்காமேல் பழி போட மாட்டேன். பொடித்த கை என்னுடையது.

அப்படிக் கலக்க ஆரம்பித்த நான்காம் நாள் மதியம் கரண்டியின் அடியால் மாத்திரையை நசுக்கிக்கொண்டிருந்தேன். அவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். கத்துவார் என்று பயந்தேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதிதான் தெரிந்தது. "நாஞ் சொன்னது செரிதானே மல்லிகா?" என்றார். செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போனார்.

இரண்டு நாள் கழித்து மல்லசமுத்திரம் பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தார். கால் முழுக்கக் கொப்புளம். மருத்துவமனையில் சேர்த்தோம். ஊசி போட்டார்கள். வாரங்கள் போகப் போகக் குரல்கள் தணிந்தன. ஒருநாள் அவரே, "இன்னிக்கு ஆரும் பேசலீங்க" என்று டாக்டரிடம் சொன்னார். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன்.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. உடம்பு பெருத்துவிட்டது, விரல்களில் லேசான நடுக்கம் (மருந்தின் பக்கவிளைவு). ரிக்கில் ஏற முடியாது. மாத்திரையை அவரே அட்டையிலிருந்து பிரித்துப் போட்டுக்கொள்கிறார். சாப்பாடு மட்டும் பழையபடி ஆகவில்லை. அவர் தட்டிலிருந்து முதல் வாயை நான் உண்ண வேண்டும். நான் விழுங்கிய பிறகுதான் அவர் கை வைப்பார். தங்கச்சி கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான் உண்டேன். பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். சிரித்து வைத்தேன்.

"அது நோயின்னு எனக்குத் தெரியுது" என்றார் ஒருநாள். "ஆனா கை போவ மாட்டீங்குது, மல்லிகா."

என்னைப் போல மாத்திரையும் கையுமாக நிற்கிறவர்களுக்கு ஒன்றே சொல்வேன்: மறைத்துக் கொடுக்காதீர்கள். குரல்கள் சொன்னது பொய் என்று அவருக்கு இப்போது தெரியும். நான் கலந்தது பொய்யில்லை என்பதும் தெரியும்.

நான் விழுங்கியதும் காத்திருப்பேன். முதலில் அரைமணி நேரம் ஆகும். இப்போது வேளைக்கு ஒரு நிமிடம். எனக்கு நாள் என்பது அந்த மூன்று நிமிடங்கள்தான். அவர் பக்கத்து ஊர் போயிருந்தால்கூட, என் தட்டில் ஒரு வாய் உண்டுவிட்டுக் கை நின்றுவிடுகிறது.