ஒளி அவளுக்கு, நிறை எனக்கு

1. ஒரே விண்மீன் திரளை நானும் என் தோழியும் பங்கு போட்டுக்கொண்டோம். அதன் ஒளியை அவள் அளந்தாள், நிறையை நான் அளந்தேன்.
2. இருவரும் முடிக்கும்வரை ஒருவர் விடையை மற்றவர் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.
3. அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள்.
4. மருத்துவமனையிலிருந்து செய்தி அனுப்பினாள்: “முடிச்சிட்டேன். வெள்ளிக்கிழமை தெறக்கலாம். இட்லி மறக்காத.”
5. வெள்ளிக்கிழமைக்கு முன்பே இறந்துபோனாள்.
6. விடைகளை நான் தனியாகத் திறந்தேன். அவளுடையது தவறு.

இப்படி வரிசைப்படுத்தினால்தான் எனக்கு எழுத வருகிறது.

ஏனாத்தூர் பல்கலைக்கழக வளாகத்தின் ஆய்வு அறையில் எங்கள் மேசைகள் ஒட்டிக் கிடந்தன. நான் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். அவளுக்கு வீடு பக்கத்திலேயே, நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம்.

எங்கள் திரளுக்குப் பின்னால், வெகு தொலைவில், இன்னொரு திரள் இருக்கிறது. அதன் ஒளி நம்மை நோக்கி வரும் வழியில், முன்னால் இருப்பதன் ஈர்ப்பு அதை வளைத்துவிடுகிறது. படத்தில் நடுவே மஞ்சளாக ஒரு பொட்டு, அதைச் சுற்றி மெல்லிய நீல வளையம். வளையத்தின் அளவைக் கொண்டு அதற்குள் இருக்கும் மொத்த நிறையையும் சொல்லிவிடலாம், கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது எல்லாம் சேர்த்து. அது என் பங்கு. நடுப்பொட்டின் ஒளியை மட்டும் பிரித்தெடுத்து, அதிலுள்ள விண்மீன்களின் நிறையைக் கணக்கிடுவது அவள் பங்கு. என் எண்ணிலிருந்து அவள் எண்ணைக் கழித்தால் மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத பொருள்.

ஒருவர் விடை தெரிந்துவிட்டால் மற்றவர் கணக்கு தன்னை அறியாமல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் இந்தத் துறையில் விடையை மூடிவைக்கும் வழக்கம் இருக்கிறது. திறந்த பிறகு எதையும் மாற்றக்கூடாது. இதில் என்னைவிட அவள் கறார். நான் தண்ணீர் குடிக்க எழுந்தாலே திரையைத் திருப்பிக்கொள்வாள். “எட்டிப் பாக்காத. பரீச்ச ஹால்லயும் நீ இப்படித்தான் இருந்திருப்ப.” திறக்கும் நாளில் பெருமாள் கோயில் இட்லி வாங்கி வருவது என் பொறுப்பு. கட்டுரை வராவிட்டாலும் இட்லி வந்தாக வேண்டும் என்பாள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது அவளுக்குச் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். இட்லியை நினைவுபடுத்துகிறவள் சாகக் கிடப்பாள் என்று யார் நினைப்பார்கள்.

சில வாரம் கழித்து எங்கள் வழிகாட்டி திறந்துவிடச் சொன்னார். இட்லி வாங்கிப் போனேன். மிளகும் சுக்கும் மணக்க அது மேசைமேல் இருந்தது. திறந்தேன். அவள் எண் என் எண்ணைவிடப் பெரிதாக இருந்தது. விண்மீன்கள் மட்டுமே மொத்தத்தைவிடக் கனம். அப்படி இருக்க வழியே இல்லை.

தவறு என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு என் கணக்கைத்தான் முதலில் தேடினேன். அதில் ஒன்றும் இல்லை. அவள் பக்கத்தில் உடனே கிடைத்தது. எங்கள் திரளை ஒட்டிச் சின்னதாக, ஆனால் பிரகாசமாக, இன்னொரு திரள் இருக்கிறது. அளப்பதற்கு முன் அதை மறைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதன் ஒளியும் கணக்கில் சேர்ந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே முதலில் சொல்லித் தருவது இது. முந்தைய கோப்புகள் எல்லாவற்றிலும் மறைத்திருந்தாள். மருத்துவமனையில் மடிக்கணினியிலிருந்து சேமித்த கடைசிக் கோப்பில் மட்டும் மறைக்கவில்லை.

அந்தச் சின்னத் திரளை மறைத்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டு, யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்றார் வழிகாட்டி. அவர் இரக்கத்தில்தான் சொன்னார். ஆனால் திருத்தி வைத்தால் அந்த எண் அவளுடையது இல்லை. திருத்தாமல் விட்டால், அவளுடைய கடைசி வேலை தவறு என்று அவள் பெயரின் கீழேயே அச்சாகும். எதைச் செய்தாலும் அவளை ஏதோ செய்வதாக இருந்தது.

முடிவெடுக்காமலே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா முறத்தை மடியில் வைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்ததும் கேட்டார்.

“எம்பொண்ணு போட்ட கணக்கு என்னாச்சும்மா? சரியா வந்துச்சா?”

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஒரு எடத்துல தப்பாயிடுச்சும்மா. ஆஸ்பத்திரில ஜொரத்தோட போட்டுக்கிறா.”

அவர் கை நின்றது.

“படம் பாத்துக்கினு இருக்கறான்னு நெனச்சேன். அந்தப் பொட்டிய மூடிட்டுத் தூங்குடின்னு திட்டினேன்.”

நானும் ஒரு பிடி கடலையை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். முறம் பாதிக்குமேல் நிறைந்த பிறகு, அவள் போட்ட கணக்கை அழித்துவிடுவீர்களா என்று கேட்டார். திருத்தி வேறு போடலாம் என்று சார் சொல்வதாகச் சொன்னேன்.

“வேற வேணா நீ கீழ எழுதிக்கம்மா. அவ போட்டது இருக்கட்டும். கடசியா போட்டதாச்சே.”

கட்டுரையை அனுப்பிவிட்டேன். முதல் பெயர் அவளுடையது. அட்டவணையில் அவள் எண் அப்படியே இருக்கிறது. அதன் கீழே திருத்திய எண்ணும், திறந்த பிறகு திருத்தியது என்ற குறிப்பும் இருக்கின்றன. பக்கத்துத் திரள் மறைக்கப்படவில்லை என்பதைத்தான் காரணமாக எழுதினேன். காய்ச்சலைப் பற்றி எழுத அங்கே இடம் கிடையாது. இதழிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.