இருபதடி இடைவெளி

ஓய்வு பெற்றவன் சும்மா இருக்கக் கூடாது என்று நினைத்தேன். சும்மா இருந்திருந்தால் எங்கள் அடுக்களைக் கூரை அந்த வருடமே மாறியிருக்கும்.

பாறசாலைப் பக்கம் எங்கள் நிலம் நீளமாக, ஒடுக்கமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் ஒரே ஆளின் ஏத்தன் வாழைத் தோட்டம். தொண்ணூறுகளின் நடுவில், உரமும் மருந்தும் போடாத நல்லமிளகுக்குக் கூடுதல் விலை தருவதாகக் கொச்சி வியாபாரி ஒருவர் சொன்னார். அந்தப் பணத்தில் ஒழுகும் கூரையை மாற்றுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் உரத்தை நிறுத்தினேன். காய்ப்பு குறைந்தது; களை பறிக்கும் கூலி கூடியது. கள்ளிக்காடு என்ற ஊரிலிருந்து சாணம் வந்த வண்டிக்கூலியில் உரமே வாங்கியிருக்கலாம். வியாபாரி தந்த விதிமுறைகளை மட்டும் செலவில்லாமல் மனப்பாடம் செய்தேன்.

வியாபாரி அனுப்பிய ஆய்வாளர் நிலத்தைச் சுற்றி நடந்தார். எல்லையில் நின்ற மண்சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“கையாலை உண்டல்லோ சாரே. இது மதி” என்று, அந்தச் சுவரே போதும் என்ற முடிவோடு கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் மருந்தடித்தால், எல்லையிலிருந்து இருபதடிக்குள் விளைவதைச் சாதா மிளகாகத்தான் விற்க வேண்டும். சுவரைப் பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை என்று விளக்கினேன். டேப்பையும் நானே எடுத்து வந்தேன்.

இருபுறமும் இருபதடி போக மிஞ்சியது கிணறும் அதற்குப் போகும் நடைபாதையும்தான். அங்கே ஒரு மிளகுக் கொடிகூட இல்லை. ஆய்வாளர் பேனாவை மூடினார்.

வாழைத் தோட்டக்காரர் கையாலைக்கு மேல் தலையை நீட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீரு மருந்தை நிறுத்தினா என்ன?” என்று அவரிடம் கேட்டேன்.

“நிறுத்திலாம் சாரே. வண்டு தின்னா நட்டத்த யாரு தருவா? அதுக்கும் சட்டம் உண்டா?”

எல்லாவற்றுக்கும் விதி சொல்லும் நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன்.

மிளகு முழுவதும் பாறசாலைச் சந்தையில் சாதா விலைக்குப் போனது. “பென்ஷன் ஆனது சம்பளம் மட்டுமாக்கும். ஆப்பீசு இன்னும் நடக்குது” என்றாள் மனைவி.

ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கியதும் ஸ்டவ்வுக்கு நேர் மேலே ஒழுகியது. மேசையோடு சேர்த்து நகர்த்த அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒழுக்குக்கும் அடுப்புக்கும் எத்தன அடி விடணும், சாரே?”

நான் மறுமுனையைப் பிடித்தேன். டேப்பை எடுக்கப் போகவில்லை.