துவக்குக்கு ஒரு அலுமாரி

மக போன்ல சொன்னது இவ்வளவுதான். "அம்மா, அப்பாவோட அந்த வேட்டத் துவக்குக்கு மொதல்ல ஒரு வழி பண்ணுங்க. அதுவரைக்கும் பாப்பாவ அங்க கூட்டிட்டு வரமாட்டேன்." சொல்லிட்டு வச்சிட்டா.

எனக்கு வந்திச்சு பாருங்க கோவம்! முப்பது வருஷம் புள்ளக்காம்பராவுல ஆயாவா இருந்தவ நான். தாய்மாரு தேயிலக் கொழுந்தெடுக்க மலையேறினா, அவங்க கைப்புள்ளையில இருந்து நாலு வயசு வரைக்கும் என் பொறுப்பு. எம் மகளும் அங்கதான் வளந்தா. அத்தன வருஷத்துல ஒரு புள்ளைக்கும் ஒன்னும் ஆனதில்ல. எம் மகதான் ஒரு தடவ காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் எழும்பாமத் தூங்கினா. அதுவும் காய்ச்சல். அப்பேர்ப்பட்ட எனக்கு, நேத்துப் பொறந்தவ புள்ளைய எப்படிப் பாதுகாக்கணும்னு சொல்லித் தர்றாளாக்கும்!

கோவமெல்லாம் தேத்தண்ணி ஆறுற வரைக்குந்தான். உள் ரூம்ப எட்டிப் பாத்தேன். துணி அலுமாரிக்கு மேல, பழைய உர பேக்குல சுத்தி, துவக்கு படுத்திருந்திச்சு. நாலு வயசுப் புள்ள கதிரைய இழுத்துப் போட்டு ஏற எவ்வளவு நேரமாகும்? அவ சொன்னது நெசந்தான். அத ஒத்துக்கத்தான் மனசு வரல.

துவக்கு எங்களுக்கு எதுக்குன்னு கேப்பீங்க. எங்க வீட்டுக்காரரு பெக்டரியில இருந்து ஓய்வெடுத்த பொறகு, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் எங்க லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால இருக்கிற சரிவுல மரவள்ளியும் போஞ்சியும் போட்டாரு. காட்டுப்பன்னி வந்து அறுவடைய முடிச்சிட்டுப் போயிரும். அலையா அலஞ்சு லைசன்ஸ் எடுத்து ஒரு துவக்கு வாங்கினாரு. இன்னைக்கு வரைக்கும் ஒரு பன்னிய சுட்டதில்ல. வானத்தப் பாத்து வெடி வைப்பாரு. பன்னிங்களுக்கும் இப்ப அது பழகிப் போச்சு.

போன நத்தாருக்கு, அதான் கிறிஸ்மஸுக்கு, பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு அவங்க கொழும்ப விட்டு வரல. அதுக்கு முந்தின நத்தாருக்கு மகளுக்கு லீவு கெடைக்கல. பேத்தின்னா எனக்கு அது போன்ல தெரியுற மூஞ்சிதான். அது தலைய மோந்து பாக்கணும்னு கெடந்து தவிச்சேன். இந்த நத்தாருக்கும் வரலன்னா என்னால தாங்க முடியாது.

சரி, துவக்கு வைக்கிற பொட்டின்னா என்ன, எப்படி இருக்கும்? எங்கிட்ட ஒரு கொணம். ஒன்னத் தெரியாதுன்னா அதத் தெரிஞ்சிக்கிற வரைக்கும் சோறு எறங்காது. வீட்டுக்காரரு, "பொட்டி வாங்கிப் பூட்டு போட்டா முடிஞ்சிச்சு, இதுல என்ன ஆராய்ச்சி?"ன்னாரு. அவருக்கு எல்லாமே அப்படித்தான்.

மொதல்ல நீளம் தெரியணும். துவக்கத் தோள்ல போட்டுக்கிட்டு கடை கடையா ஏற முடியுமா? அவரோட பெரிய கொடைய எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். கொடைய விட துவக்கு ஒரு சாணும் நாலு வெரலும் கூட. அந்தக் கொடையத் தூக்கிக்கிட்டு, வெயில் கொளுத்துற ஒரு நாள்ல கினிகத்தேனைக்குப் பஸ் ஏறினேன்.

அங்க ஒரு முஸ்லிம் மொதலாளியோட இரும்புக் கடை இருக்கு. பழைய சாமானும் வாங்கி விப்பாரு. கடைக்குள்ள இருந்த சேஃப் ஒவ்வொன்னுலயும் கொடைய நொழச்சுப் பாத்தேன். நேரா போகல, சாய்ச்சுப் புடிச்சாலும் போகல. மொதலாளி கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு.

"அக்கா, கொடைக்கா சேஃப் பாக்குறீங்க?"

வெசயத்தச் சொன்னேன். சிரிச்சாரு. "இதெல்லாம் காசுப் பொட்டி. காசு துவக்கு மாதிரி நீட்டமா நிக்காதுல்ல! உள்ள சீமெந்து ரொப்பியிருக்கு, நெருப்புல வேகாது. வெலையில பாதி அதுக்குத்தான். நீங்க எதுக்குப் பயப்படுறீங்க? நெருப்புக்கா, கள்ளனுக்கா, புள்ளைக்கா? அதச் சொன்னா பொட்டியச் சொல்லலாம்."

அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சு. பஸ்ஸுல வர்றப்ப அதையே யோசிச்சேன். நெருப்புல துவக்கு போனா போகட்டும். கள்ளன் எடுத்தா வீட்டுக்காரரு பொலிசுக்குப் பதில் சொல்லணும், அதனால பொட்டியோட தூக்கிட்டுப் போக முடியாம இருக்கணும். எல்லாத்துக்கும் மேல புள்ள. புள்ள கை எங்கெங்க போகும்னு என்னைய விட யாருக்குத் தெரியும்?

அடுத்த வாரம் லைசன்ஸ் புதுப்பிக்க அவரு நுவரெலியா கச்சேரி ஆபிசுக்குப் போனாரு. நானும் ஒட்டிக்கிட்டேன். டவுன்ல ஒரு பெரிய கடையில புதுசா ஒன்னு நின்னிச்சு. கருப்பு நெறம், மூஞ்சி தெரியுற பளபளப்பு, நம்பர் அமுக்கித் தொறக்கிறது. கொடைய வச்சுப் பாத்தேன், ஒரு சாணும் நாலு வெரலும் சேத்து கச்சிதமா போச்சு. வீட்டுக்காரருக்கு அதுமேல ஒரே ஆசை. நான் கடை நடுவுல முட்டி போட்டு ஒக்காந்தேன்.

"என்ன பண்ற? எழும்பு, எல்லாரும் பாக்குறாங்க!"

"நாலு வயசு ஒசரத்துல இருந்து பாக்குறேன். நீங்க சும்மா இருங்க."

அந்த மனுசன் மானம் போச்சுன்னு ரோட்டுக்கு எறங்கிட்டாரு. ஆனா அங்க இருந்து பாத்தாத்தான் விசயம் தெரிஞ்சிச்சு. நம்பர் எல்லாம் சரியா புள்ள மூக்குக்கு நேர. அமுக்கினா பச்ச லைட்டு எரியுது, குயீங்னு சத்தம் போடுது. புள்ளைய வெரட்டுற சாமானா அது? கூப்புடுற சாமான்! கதவு ஓரத்துல ஒரு கரண்டிக் காம்பு போற அளவுக்கு எடைவெளி வேற. தட்டிப் பாத்தா பிஸ்கட் டின் சத்தம். பெட்டரி செத்தா எப்படித் தொறக்கிறதுன்னு கடையில வேல செய்ற சிங்களப் புள்ளகிட்ட கேட்டேன். சாவியும் இருக்குன்னுச்சு. அப்ப நம்பரு என்னாத்துக்கு? பளபளப்புக்கும் குயீங் சத்தத்துக்கும் நான் காசு குடுக்கணுமா? ரோட்டுக்கு வந்து வெலையச் சொன்னதும் வீட்டுக்காரருக்கும் ஆசை எறங்கிருச்சு.

நத்தாருக்கு ரெண்டு வாரம் இருக்கிறப்ப கினிகத்தேனை மொதலாளி போன் பண்ணினாரு. "அக்கா, கொடையத் தூக்கிக்கிட்டு வாங்க."

மூடிப் போன ஏதோ ஒரு ஆபிசுல இருந்து வந்திருந்திச்சு. காவக்காரங்க துவக்கு வைக்கிறதுக்குன்னே செஞ்ச அலுமாரி. சாம்பல் நெறம், ஒசரம், ஒல்லி, பாக்க ஒரு அழகும் கெடையாது. தட்டினேன், சத்தமே வரல, வெரல்தான் வலிச்சிச்சு. கொடை போயி, அதுக்கு மேல சாணும் நாலு வெரலும் போயி, இன்னும் எடம் மிச்சம். கீல் உள்பக்கம். கதவு ஓரத்துல என் நெகம் கூட போகல. சாவியத் திருப்பினா மூணு எடத்துல கம்பி போயி விழுது. முதுகுல, சொவத்துல அடிக்கிறதுக்கு ஓட்டை. தோட்டாவுக்குத் தனியா ஒரு இழுப்பு லாச்சி, அதுக்குத் தனிப் பூட்டு.

எல்லாத்தையும் விட ஒன்னு என்னைய மயக்கிருச்சு. பூட்டாம சாவிய வெளிய எடுக்க முடியாது. இழுத்துப் பாத்தேன், வரல. பூட்டினேன், வந்திச்சு. தொறந்து போட்டுட்டு மறந்து போற வேலையே இல்ல! சின்னப் புள்ள மாதிரி பத்துத் தடவ பூட்டிப் பூட்டித் தொறந்தேன்.

"அடியில துரு புடிச்சிருக்கே மொதலாளி?"

"அதனாலதான் அக்கா இந்த வெல."

நுவரெலியாக் கடையில சொன்னதுல பாதி கூட இல்ல. துருவச் சொரண்டிப் பெயின்ட் அடிச்சா போச்சு. எங்க பக்கத்து மூடுபனிக்கு, உள்ள அடுப்புக்கரிய துணியில முடிஞ்சு போட்டா ஈரத்த இழுத்துக்கும். சரின்னேன்.

லொறி ரோட்டோட நின்னுருச்சு. அங்க இருந்து லயத்துக்கு எறங்குறது படிதான். ரெண்டு கம்பு கட்டி நாலு பேரு தோள்ல தூக்கினாங்க. சாம்பல் நெறத்துல நீளப் பொட்டி, நாலு பேரு தோளு, பின்னால நானும் அவரும் மெதுவா நடந்து வர்றோம். மேல மலையில கொழுந்தெடுத்துக்கிட்டு இருந்த பொம்பளைங்க பதறிட்டாங்க. "ஐயோ, யாருக்குங்க?"ன்னு ஒருத்தி சத்தம் போட்டா. "எனக்குத்தான்! இவ இப்பவே ரெடி பண்ணிட்டா!"ன்னாரு எங்க வீட்டுக்காரரு. மலையே சிரிச்சிச்சு.

எங்க லயத்துச் சொவரு கருங்கல்லு. முன் ரூம்புல நாலு போல்ட் அடிச்சு முறுக்கினதும், கதவத் தொறந்து அதுல என் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். புள்ளைங்க தொங்கும், எனக்குத் தெரியும். அலுமாரி அசையல. "ஒன்னையத் தாங்கினா ஆனையையும் தாங்கும்"னாரு. அன்னைக்குப் போனா போகுதுன்னு விட்டுட்டேன்.

மகளுக்குப் போன் போட்டு கீலு, கம்பி, போல்டுன்னு ஒன்னு விடாமச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சாவிய எங்க வைப்பீங்க?"ன்னா.

"அடியேய், எனக்கா சொல்ற? அதெல்லாம் எனக்குத் தெரியும்"னு வாய அடச்சிட்டேன். அவ போன வச்சிட்டா.

நத்தாருக்கு மூணு நாளு இருக்கிறப்ப எனக்கு ஒரு ஆசை வந்திச்சு. சோதிச்சுப் பாக்கணும். பக்கத்து வீட்டுச் சின்னதுக்கும் நாலு வயசுதான். அது தாய்கிட்ட சொல்லி ரெண்டு பேரையும் கூப்பிட்டேன். துவக்கும் தோட்டாவும் இன்னும் உள் ரூம்புலதான். எங்க வீட்டுக்காரரு அதுக்குள்ள போயி கதவத் தாழ் போட்டுக்கிட்டாரு. வெறும் அலுமாரிக்குள்ள நான் ஒரு டொபி முட்டாயி டின்ன வச்சிப் பூட்டினேன். அதுக்கு அப்பறந்தான் புள்ளைய உள்ள விட்டேன்.

"டொபி அதுக்குள்ள இருக்கு. தொறந்தீன்னா எல்லாம் ஒனக்குத்தான்."

இழுத்திச்சு. ஒதச்சிச்சு. ஓரத்துல வெரல விட்டுப் பாத்திச்சு, போகல. படுத்து அடியில பாத்திச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குளிர்ச்சி. வா மகளே, எங்க வேணும்னாலும் வந்து பாருன்னு நெனச்சிக்கிட்டேன். அப்பறம் சின்னது கீழ ஒக்காந்திச்சு. அலுமாரியப் பாக்கிறத விட்டுட்டு, வீட்டச் சுத்திப் பாத்திச்சு. எழும்பி முக்காலிய இழுத்திச்சு.

"எங்கடி போற?"

"சாவி எடுக்க."

மூலையில மாதா படம். முக்காலியில ஏறி, படத்த ஓரமா தூக்கி, பின்னால கைய விட்டுச் சாவிய எடுத்திருச்சு! நான் அத அங்க வச்சத இந்தப் புள்ள பாக்கவே இல்ல. காலையில, வீட்டுல யாரும் இல்லாதப்ப வச்சது.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

சின்னது என்னைய ஒரு மாதிரி பாத்திச்சு. "எங்க வீட்ல முருகன் சாமிக்குப் பின்னால. ஒங்க வீட்ல மாதாவுக்குப் பின்னால."

அது தாய்க்கு வெக்கம் தாங்கல. "ஐயையோ ஆயம்மா, எங்க பிஸ்கட் டின் வைக்கிற அலுமாரிச் சாவி அங்கதான் இருக்கு!"

சிரிக்கணும் போலத்தான் இருந்திச்சு. சிரிப்பு வரல. ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க. எனக்கு அன்னைக்குச் சறுக்கினது அடி இல்ல, முப்பது வருஷம். எங்க லயத்துல எந்த வீட்டுச் சாவிக்கும் சாமி படந்தான் காவல். புள்ளக்காம்பராவுல மருந்து அலுமாரி ஒன்னு இருந்திச்சு. அது சாவியும் அங்க மாட்டியிருந்த மாதா படத்துக்குப் பின்னாலதான் வச்சிருந்தேன். எத்தன புள்ளைங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும்?

வீட்டுக்காரரு வெளிய வந்து கேட்டாரு. கேலி பண்ணுவாருன்னு பாத்தேன், பண்ணல. ரெண்டு சாவி இருந்திச்சு. ஒன்ன எடுத்து அவரு அரணாக்கயித்துல முடிஞ்சிக்கிட்டாரு. மத்தத நான் என் தாலிச் செயின்ல கோத்துக்கிட்டேன். லாச்சிச் சாவியும் அவரு இடுப்புலதான். துவக்கு அன்னைக்குத்தான் உள்ள போச்சு. குளிக்கிறப்பவும் நான் அந்தச் சாவியக் கழட்டல.

நத்தாருக்கு மொத நாள், மழத் தூறல்ல மக படியெறங்கி வந்தா. இடுப்புல பாப்பா, அரத் தூக்கத்துல. நான் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு ஓடினேன். குடுக்கல அவ. செருப்பக் கழட்டிட்டு நேரா உள்ள போனா. அலுமாரியத் திரும்பிக் கூட பாக்கல. அத்தன பாடுபட்டு வாங்கின அலுமாரி! மூலைக்குப் போயி, புள்ளைய இடுப்புல வச்சபடியே, ஒத்தக் கையால மாதா படத்தத் தூக்கிப் பின்னால தடவினா. ஒன்னும் இல்ல. அடிப் பலகையையும் தடவினா.

நான் தாலிச் செயின வெளிய இழுத்து, சாவியக் காட்டினேன்.

அவ அதயே பாத்துக்கிட்டு நின்னா. அப்பறம் மெதுவா சொன்னா. "புள்ளக்காம்பராவுல இருந்த அந்த இருமல் மருந்து ரொம்ப இனிப்பா இருந்திச்சும்மா. படத்துக்குப் பின்னால இருந்து சாவி எடுத்து, முழுப் போத்தலையும் குடிச்சிட்டேன். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல."

அப்பறந்தான் இடுப்புல இருந்த புள்ளைய எறக்கி விட்டா.