பூனை பிடிக்காத சித்தி கொடுத்த புகார்

எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து என்று எல்லோரும் ஒன்றுகூடினால், சாப்பாடு முடிந்து கதை பேசும் நேரத்தில் யாராவது ஒருவர் சித்தி பூனைக்காக அரசாங்கத்திடம் புகார் கொடுத்த கதையை எடுத்துவிடுவார். உடனே எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? பூனை என்று எழுதிக் காட்டினாலே தும்முகிற பிறவி எங்கள் சித்தி. அவரும் சேர்ந்து சிரிப்பார். ரொம்ப காலம் அந்தக் கதையைக் கிளப்பிவிட்டதே நான்தான். இப்போது கிளப்புவதில்லை.

அப்போது நாங்கள் மலேசியாவில் கூலாய்ப் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தோம். இரண்டு வரிசை வீடுகள், நடுவே ஒரு தார்ச்சாலை, பின்னால் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் செம்பனைத் தோட்டம். அப்பா லோரி ஓட்டினார். அம்மா ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தார். அவருக்கு ஃபேக்டரியில் இரவு சிப்ட். நான் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் ஃபேக்டரி பஸ்சிலிருந்து இறங்குவார். நான் மத்தியானம் திரும்பும்போது தூங்கிக்கொண்டிருப்பார். மேசைமேல் மூடிவைத்த சோறு இருக்கும். அம்மா போட்ட ஒரே உத்தரவும் இருக்கும்: சித்தி எழுந்திருக்கிற வரைக்கும் வீட்டில் ஒரு கரண்டி விழுகிற சத்தம்கூடக் கேட்கக்கூடாது.

அதனால் பள்ளியில் என் மூன்றாம் ஆண்டின் மத்தியானங்கள் எல்லாம் சத்தமே இல்லாமல்தான் நடந்தன. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால், அது நான் வாழ்ந்த காலமா, இல்லை சித்தி கண்ட கனவுக்குள் நான் புகுந்து திரிந்த காலமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். காற்றாடி சுற்றும். திரைச்சீலை உள்ளே வரும், வெளியே போகும். மூன்று மணி வாக்கில் செம்பனைக்கு மேலே வானம் கறுத்து, இடிகூட இடிக்காமல் மழை இறங்கும். நான் கால்விரலால் நடந்து வாசலுக்குப் போய்க் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சாலைக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு அக்காவும் அவர் வீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மழை விட்டதும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பூனைகள் வந்து சேரும்.

யாருக்கும் சொந்தமில்லாத தெருப்பூனைகள் அவை. அவற்றை விரட்டுவதற்காகச் சித்தி பிளாஸ்டிக் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி எங்கள் கேட்டோரம் வரிசையாக வைத்திருந்தார். வெயில் பட்டுப் போத்தல் மின்னினால் பூனை பயந்து ஓடிவிடும் என்று எங்கள் தாமான் முழுக்க ஒரு நம்பிக்கை. பூனைகளுக்கு அந்த நம்பிக்கை கொஞ்சமும் கிடையாது. போத்தலிலேயே முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொண்டு வரும். "அலமாக், மறுபடியும் வந்துட்டியா சனியனே, போ லா!" என்று சித்தி துடைப்பத்தைத் தூக்குவதற்குள் தும்மல் ஆரம்பித்துவிடும். மூக்கு சிவந்து, இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டும். அதற்கென்று ஒரு மாத்திரை ஐஸ் பெட்டிக்கு மேலே பிஸ்கட் டின்னில் இருந்தது. ஓடிப்போய் அதை எடுத்துவருவது என் வேலை. வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே உத்தியோகம் அதுதான், அதில் எனக்குப் பெருமை தாங்காது.

எதிர்வீட்டு அக்கா தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவர் பேசினால் டிவி நாடகம் கேட்கிற மாதிரி இருக்கும். என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார். அவருடைய கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டாரில் பாலம் கடந்து போய், இருட்டியபின் திரும்புவார். போகும்போது கேட்டில் பெரிய பூட்டு ஒன்றைப் போட்டுச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விடுவார். திருடர் பயம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கேட்டிலும்தான் பூட்டு இருந்தது. ஆனால் எங்கள் சாவி எங்கள் வீட்டுக்குள்ளேயே ஓர் ஆணியில் தொங்கியது. அந்த வித்தியாசம் எனக்குப் படவே இல்லை.

அக்கா சோற்றில் மீன் தலையைப் பிசைந்து கம்பி வழியாகப் போடுவார். வருகிற பூனைகளில் ஒன்று நல்ல செம்பட்டை. மிளகாய்ச் சம்பல் நிறத்தில் இருந்ததால் அதற்குச் சம்பல் என்று நான்தான் பேர் வைத்தேன். மற்றவை எல்லாம் தின்றுவிட்டுப் போய்விடும். சம்பல் மட்டும் கம்பிக்குள் நுழைந்து அக்கா மடியில் சுருண்டுவிடும். எனக்குச் சம்பல் வேண்டும். சித்தி இருக்கிற வீட்டில் அது நடக்குமா?

"உனக்கும் எனக்கும் பொதுவா இருக்கட்டும் பாப்பா," என்றார் அக்கா. "பகல்ல என்கூட இருக்கட்டும். எனக்கும் பேச்சுத்துணை வேணும்ல?"

அந்த வருஷம் தீபாவளி லீவில், ஒரு சாயங்காலம், எதிர்வீட்டில் பாத்திரங்கள் உருண்டன. அக்கா அலறியது எங்கள் சமையலறை வரைக்கும் கேட்டது. சித்தி போலீசுக்குப் போன் போட்டார். போலீஸ் வந்தது. அக்காவின் கணவரான அந்த அண்ணன் சிரித்த முகத்தோடு கேட்டைத் திறந்து, அவர்களுக்குச் சிராப் தண்ணீர் கலந்து கொடுத்தார். அக்கா அவர் பக்கத்திலேயே நின்று, குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னார். வந்தவர்கள் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பல நாள் அந்த வீட்டுக் கதவே திறக்கவில்லை. சம்பல் மட்டும் ஜன்னல் வழியாகப் போய்ப் போய் வந்தது.

சித்தி தூங்க வேண்டிய நேரத்தில் எழுந்து ஜன்னலோரம் நின்று அந்த வீட்டையே பார்ப்பார். "நான் போன் பண்ணியிருக்கக் கூடாதுக்கா," என்று அம்மாவிடம் சொன்னார். "இன்னொரு தடவ போலீஸ் வந்தா அவளக் கொன்னுடுவான்." நான் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கொன்னுடுவேன் என்று அம்மா என்னிடமே நாளுக்குப் பத்துத் தடவை சொல்வார். அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் சம்பல் எங்கள் போத்தல் வரிசையைத் தாண்டி வந்து படியில் படுத்தது. முதுகில் ஒரு பக்கம் முடி உதிர்ந்து, தோல் சிவந்து ஈரமாக இருந்தது. தொடப் போனேன்; சீறியது. உத்தரவாவது ஒன்றாவது, நான் வீறிட்டுக் கத்திவிட்டேன். சித்தி தலைமுடியை அள்ளி முடிந்தபடி ஓடிவந்தார்.

"சம்பலுக்கு முதுகு வெந்துபோச்சு சித்தி!"

"இதுக்கா இந்தக் கத்து கத்துன? நான் ராத்திரி வேலைக்குப் போக வேணாமா?"

"அக்கா கையிலயும் துணி சுத்தியிருக்கு. இன்னைக்குத்தான் கதவத் திறந்தாங்க. கூப்பிட்டா பேசமாட்டேங்கிறாங்க."

சித்தி சம்பலைப் பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு அவர் சொன்னது என் காதில் விழுந்தும் நான் நம்பவில்லை. "பூனையப் பிடி குட்டி. ஆடாம பிடி. போட்டோ எடுக்கணும்."

சம்பல் என் கையைக் கீறியது. சித்தி தும்மிக்கொண்டே கைத்தொலைபேசியைப் பிடித்தார். பாதிப் படங்களில் சாலைதான் விழுந்திருந்தது. கடைசியில் ஒன்று தெளிவாக வந்தது. மாத்திரையை நான் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தேன். என் சித்தி ஒரே நாளில் இவ்வளவு நல்லவராக மாறிவிட்டாரே என்று எனக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது.

மறுநாள் சித்தி தூங்காமல் பள்ளி வாசலில் காத்திருந்தார். "நீதான் மொதல்ல பார்த்த, நீயும் வந்து சொல்லு," என்று மோட்டாரில் ஏற்றிக்கொண்டு, ஆடு மாடு பூனைகளைப் பார்க்கிற அரசாங்க அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே கூண்டு கூண்டாகப் பூனைகள். சித்தி வாசலிலேயே தும்மலைத் தொடங்கிவிட்டார். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண்ணை, அக்கா என்பதற்கு மலாயில் சொல்வதுபோல, காக் என்று கூப்பிட்டார். நானும் அப்படியே கூப்பிட்டேன். பேச்செல்லாம் மலாயில் நடந்தது. காக் படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"உங்களுக்குப் பூனைன்னா ரொம்பப் பிரியமோ?"

"உசுரு," என்றார் சித்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

யார் செய்தது என்று காக் கேட்டார். எதிர்வீட்டு ஆள்மேல்தான் சந்தேகம் என்றார் சித்தி. நாங்கள் பார்க்க வந்தால் கேட்டைத் திறக்க வீட்டில் ஆள் இருக்குமா என்றார் காக்.

"இருக்காங்க, அவர் மனைவி. ஆனா அவங்களால திறக்க முடியாது. பூட்டு வெளியில. சாவி அவன்கிட்ட."

காக் எழுதுவதை நிறுத்தினார். "தினமுமா?"

"தினமும்."

அதற்கு அப்புறம் காக் கேட்ட கேள்வி ஒன்றுகூட எனக்குப் பிடிக்கவில்லை. அவன் எப்போது போவான், எப்போது வருவான், அந்தப் பெண்ணிடம் போன் இருக்கிறதா, மலாய் தெரியுமா, இங்கே சொந்தக்காரர்கள் யாராவது உண்டா. சம்பலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! நாம் எதற்கு வந்தோம், இவர்கள் என்ன பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பலுக்கு மருந்து போடவேண்டும் என்று சத்தமாகவே சொன்னேன். காக் எட்டி என் கன்னத்தைத் தொட்டு, "போடலாம், கண்டிப்பா போடலாம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சித்தியிடம், "போலீஸ்ல சொல்லிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"சொன்னேன். அவன் இருக்கும்போது வந்தாங்க."

"அப்ப நாங்க அவன் இல்லாதப்போ வர்றோம்," என்றார் காக். "பூனையைப் பார்க்க."

அடுத்த நாள் மத்தியானம் மழை விட்டபின் வந்தார்கள். ஒரு வேன், அதில் காக். பின்னாலேயே, சைரன் எதுவும் போடாமல், ஒரு பெண் போலீஸ். சாலையெல்லாம் ஈரம் மின்னியது. யாரும் உரக்கப் பேசவில்லை. சித்தி விழித்துத்தான் இருந்தார், ஆனால் நான் பழக்கதோஷத்தில் கால்விரலால்தான் நடந்தேன். எல்லாம் என் வழக்கமான மத்தியானம் மாதிரியே இருந்தது, கூட்டம்தான் அதிகம்.

அக்கா கம்பியருகே வந்தவர் சீருடையைப் பார்த்ததும் பின்வாங்கினார். "ஒண்ணுமில்லம்மா," என்றார் சித்தி. "பூனைக்கு மருந்து போட வந்திருக்காங்க. பூனைக்குத்தான்."

அக்கா சம்பலைத் தூக்கி வந்து உள்ளே தரையில் உட்கார்ந்தார். காக் வெளியே ஈரச் சிமெண்டில் உட்கார்ந்து, கம்பி வழியே கைவிட்டு மருந்தைத் தடவினார். சம்பல் துள்ளியது, துணி சுற்றிய கையாலேயே அக்கா அதை அணைத்துப் பிடித்தார். பூனைமேல் யார் சுடுதண்ணீர் ஊற்றியது என்று காக் கேட்டார். சித்தி தமிழில் சொன்னார். அக்கா பூனையின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதுமேல ஊத்தலைங்க," என்றார். "என்மேலதான் ஊத்துனாரு. இது மடியில இருந்துச்சு. பாவம், வாயில்லா ஜீவன். இது என்ன தப்புப் பண்ணுச்சு?"

அவ்வளவுதான், அக்கா உடைந்து அழுதார். அழுதுகொண்டே பேசினார், பேசிக்கொண்டே போனார். தனக்காக ஒரு வார்த்தை சொல்லாதவர், பூனைக்கு என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். சித்தி ஒவ்வொன்றாக மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார். நடுநடுவே நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். பெண் போலீஸ் சற்றுத் தள்ளிப்போய் யாருக்கோ போன் செய்தார். முனைக்கடை முதலாளியான தவுக்கே பெரிய கட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். பூட்டு சிமெண்டில் விழுந்தது. இவ்வளவு சத்தமா என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

கேட் திறந்த பிறகும் அக்கா வெளியே வரவில்லை. திறந்த கேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சித்திதான் உள்ளே போனார். போய், சம்பலை இரண்டு கையாலும் வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எழுந்து வாம்மா," என்றார். அக்கா ஒரு துணிப்பையோடு வந்தார். என்னிடம் குனிந்து, "பாப்பா, சம்பல நான் கூட்டிட்டுப் போறேன். கோவிச்சுக்காத," என்றார். நான் கோபித்துக்கொண்டேன். பொது என்றுதானே பேச்சு? முகத்தைத் திருப்பிக்கொண்டு டாட்டாகூடக் காட்டவில்லை.

அந்த அண்ணன் அன்று வீடு திரும்பியபோது போலீஸ் அவருக்காகக் காத்திருந்தது. பூனைக்குச் சுடுதண்ணீர் ஊற்றினால் மலேசியாவில் விடமாட்டார்கள் என்று மறுநாள் பள்ளியில் நான் அளந்துவிட்டேன். அக்கா பெண்களுக்கான ஒரு காப்பகத்தில் கொஞ்ச காலம் இருந்து, பிறகு ஊருக்கே போய்விட்டார். சம்பல் காக்கிடம் வளர்ந்தது. இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

அன்றைக்கு வேன் முனை திரும்பியதும் சித்தி எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். மூக்கு சிவந்திருந்தது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கோபம் கோபமாக இருக்கட்டும், என் வேலை எனக்குத் தெரியும். நாற்காலி போட்டு ஏறி, பிஸ்கட் டின்னைத் திறந்து, மாத்திரையும் ஒரு மங்கில் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினேன். சித்தி மாத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயில் போட்டு விழுங்கினார். என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார்.

"இப்ப சரியாயிடுமா சித்தி?"

"ஆயிடும் குட்டி."

ஆனால் நிற்கவே இல்லை. மழை மறுபடி பிடித்துக்கொண்ட பிறகும் என் தலைமேல் சொட்டிக்கொண்டே இருந்தது. மாத்திரை பழசாகிவிட்டது, அம்மா வந்ததும் கிளினிக்கிலிருந்து புதுசு எடுத்துவரச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.